உதவித் தொகையில் பயிலும் கணினி மாணவி: அவள் நாளும் நம் சங்கத்தின் கடமையும்

தறியையும் ஏரையும் நம்பி வாழும் குடும்பங்களிலிருந்து பொறியியற் கல்லூரிகளுக்குச் செல்லும் பிள்ளைகள் இன்று பலராவர். அவர்களிற் பலரும் விரும்பி நாடும் பாடம் கணினி அறிவியல். கலந்தாய்வில் இடம் கிடைத்து, கல்விக் கட்டணத்திற்கு அரசின் உதவியும் உறுதியாகிவிட்டால், "இனிக் கவலையில்லை, பிள்ளை கரையேறிவிடும்" என்று பெற்றோர் மன நிறைவு கொள்கின்றனர். மன நிறைவு கொள்ளத்தக்க செய்திதான் அது. ஆயினும், கல்லூரி வாயிலைக் கடந்தபின் அப்பிள்ளையின் நாள் எவ்வாறு கழிகின்றது, உதவித் தொகை எவ்விடத்தில் கைகொடுக்கின்றது, எவ்விடத்தில் கைகொடாது நிற்கின்றது என்பனவற்றை அறிந்தோர் நம் அங்கத்தினரிடையே சிலரே. அவற்றை விளக்கி, கூட்டுறவுச் சங்கம் இதில் ஆற்றத்தக்க பணி யாதென எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்னிமலைப் பகுதியில் படுக்கை விரிப்பு நெய்யும் கைத்தறியாளர் ஒருவரின் மகளை மனத்திற் கொள்வோம். அரசுப் பள்ளியில் தமிழ்வழியிற் பயின்றவள். தன் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதற் பிள்ளை. பொதுக் கலந்தாய்வில் இடம் பெற்று, அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த வெளியூர்க் கல்லூரி ஒன்றின் விடுதியில் தங்கிக் கணினி அறிவியல் முதலாண்டு பயில்கின்றாள். இவள் தனியொருத்தியல்லள். இவளைப் போன்ற மாணாக்கர் பலரின் வாழ்க்கையைத் திரட்டி ஒரு நாளாக இங்கே தருகின்றோம்.

தறிக்கு அயலான கல்வியன்று

முதற்கண் ஓர் ஐயத்தை நீக்குதல் வேண்டும். "நெசவாளி வீட்டுப் பிள்ளைக்குக் கணினி எதற்கு?" என்று கேட்போர் உளர். கணினியின் முன்னோரைத் தேடிச் சென்றால் நாம் தறிமேடைக்கே வந்து சேர்வோம்.

பிரான்சு நாட்டு ஜோசப் மரீ ஜக்கார்டு 1804ஆம் ஆண்டில் துளையட்டைகளால் இயங்கும் தறியமைப்பைச் செய்து முடித்தார். அவர் பெயரால் வழங்கும் ஜக்கார்டுப் பெட்டி நம் அங்கத்தினர் பலரின் தறிமேல் இன்றும் உள்ளது. அட்டையில் துளையுள்ள இடத்தில் ஊசி உட்புகும்; அதனோடு இணைந்த கொக்கி தூக்கப்பெறும்; பாவு இழை எழும். துளையில்லாத இடத்தில் ஊசி பின் தள்ளப்பெறும், இழை எழாது. துளை உண்டு, துளை இல்லை என்னும் இரண்டே சொற்களால் எத்துணைப் பெரிய பூவேலையையும் எழுதி வைக்கலாம் என்பதை உலகிற்குக் காட்டியது அந்த அட்டையே.

இங்கிலாந்தின் சார்லசு பாபேஜ் 1830களில் தாம் திட்டமிட்ட கணிப்பொறிக்கு இத்துளையட்டைகளையே பயன்படுத்தக் கருதினார். அதனை விளக்கி 1843ஆம் ஆண்டில் குறிப்புகள் வெளியிட்ட அடா லவ்லேசு அம்மையார், ஜக்கார்டுத் தறியையே உவமையாகக் காட்டினார். 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கட்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் அமைத்த பொறிகளும் துளையட்டைகளைக் கொண்டே எண்ணின. இன்றைய கணினிக்குள் அட்டையில்லை. ஆயினும் உண்டு, இல்லை என்பதை ஒன்று, சுழி என எழுதும் முறை மாறவில்லை.

ஆகவே, நம் மாணவி முதல் பருவத்தில் பைத்தான் என்னும் கணினி மொழியைக் கற்கும்போது, முற்றிலும் புதியதொரு நாட்டிற்குள் அவள் நுழையவில்லை. அட்டை குத்துவதில் ஒரு துளை தவறினால் அப்பிழை அடுத்தடுத்து வரும் பூ ஒவ்வொன்றிலும் தோன்றும் என்பதை அவள் வீட்டிலேயே கண்டிருக்கின்றாள். திரும்பத் திரும்ப இயங்கும் கட்டளைத் தொடரில் ஒரு பிழை நேர்ந்தால் அதுவும் அவ்வாறே ஒவ்வொரு சுற்றிலும் தலை காட்டும். பிழையைத் துணியில் தேடாது அட்டையில் தேடவேண்டும் என்னும் அறிவு, நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்குப் பிறர் சொல்லித் தரவேண்டுவதன்று.

காலை முதல் இரவு வரை

விடுதியில் நாள் ஐந்தரை மணிக்குத் தொடங்குகின்றது. குளியலறைக்கு வரிசை நிற்கு முன் எழுந்தவளுக்கு ஒரு மணி நேரம் அமைதியாகப் படிக்கக் கிடைக்கும். அந்த வேளையைக் கணிதத்திற்கென அவள் ஒதுக்கியுள்ளாள். கணினி அறிவியல் என்றவுடன் நாள் முழுதும் கணினி முன் அமர்ந்திருப்பர் என நாம் எண்ணுகின்றோம். முதலாண்டில் அவ்வாறில்லை. கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம் ஆகியவற்றோடுதான் கணினிப் பாடம் வருகின்றது.

எட்டு மணிக்குள் சிற்றுண்டி முடித்து வகுப்பிற்குச் செல்லவேண்டும். வருகைப் பதிவு நூற்றுக்கு எழுபத்தைந்திற்குக் குறைந்தால் தேர்வெழுத இயலாது போகலாம். ஆதலால், "பாவு பிணைக்க ஆளில்லை, இரண்டு நாள் வந்து போ" என்று வீட்டிலிருந்து அழைப்பதற்கு முன் பெற்றோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.

தமிழ்வழியில் பயின்று வந்தவளுக்கு முதல் சில மாதங்கள் மிகக் கடினமானவை. கணக்கு அவளுக்குத் தெரியும். கணக்கைச் சொல்லும் ஆங்கிலம் தெரியாது. ஆசிரியர் சொல்வதைப் புரிந்துகொள்ளுமுன் அவர் அடுத்த பலகைக்குச் சென்றுவிடுகின்றார். இதற்கு அவள் கண்ட வழி எளியது. குறிப்பேட்டின் இடப்புறம் ஆங்கிலச் சொல்லையும் வலப்புறம் தமிழ்ப் பொருளையும் எழுதுகின்றாள். இரவில் அவற்றை ஒருமுறை உரக்கப் படிக்கின்றாள். ஒரு பருவத்தில் அக்குறிப்பேடு அவளுக்கென ஓர் அகராதியாகிவிடும்.

பிற்பகலில் கணினிக் கூடம். அங்கே ஒவ்வொருவர்க்கும் ஒரு கணினி உண்டு. ஆனால் நேரம் அளவுடையது. வீட்டில் மடிக்கணினி உள்ள மாணாக்கர் முந்தின இரவே நிரலை எழுதிச் சரிபார்த்துக்கொண்டு வருவர். இவளோ தாளில் எழுதி வந்ததைக் கூடத்தில்தான் முதன்முறையாக இயக்கிப் பார்க்கின்றாள். பைத்தான் மொழியில் உரிய இடத்தில் ஒரு முக்காற்புள்ளி விடுபட்டாலும் நிரல் இயங்காது. வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி பிசகினாலும் இயங்காது, அன்றிப் பொருள் மாறிவிடும். இச்சிறு பிழையைக் கண்டு திருத்துவதற்குள் மணியடித்துவிடுகின்றது. அறிவிற் குறைவில்லை, கருவியிற் குறைவு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிப் பல பிள்ளைகள் மனந்தளர்கின்றனர் என்பதே வருந்தத்தக்கது. பன்னிரண்டாம் வகுப்பு மாணாக்கர்க்கென 2011ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் எத்துணைப் பெரிய உதவியாய் விளங்கியது என்பது, மடிக்கணினி இல்லாத மாணவி ஒருத்தியின் பிற்பகலைக் கண்டார்க்கே விளங்கும்.

மாலையில் நூலகம், இரவு உணவிற்குப் பின் செய்முறைப் பதிவேடு எழுதும் வேலை. கணினியில் செய்ததனைக் கையாலும் எழுதி ஆசிரியரிடம் கையொப்பம் பெறவேண்டும். பத்து மணியளவில் வீட்டிலிருந்து தொலைபேசி ஒலிக்கும்.

"சாப்பிட்டியா கண்ணு? பணம் ஏறிருச்சா?"

"சாப்பிட்டாச்சுங்கப்பா. இன்னும் ஏறலீங்க, அடுத்த வாரம் வந்துருமாம்."

இந்த இரண்டாவது வினாவைப் பற்றிப் பின்னர் விரிவாகக் கூறுவோம்.

அவளுக்கு உவகை தரும் பாடம் ஒன்றையும் இங்கே குறித்தல் வேண்டும். இணைவுக் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம் வகுத்த 2021ஆம் ஆண்டு விதிகளின் கீழ், முதலாண்டில் "தமிழர் மரபு", "தமிழரும் தொழில்நுட்பமும்" என இரு பாடங்கள் சேர்க்கப்பெற்றன. இரண்டாவது பாடத்தின் முதல் அலகில் நெசவுத் தொழில்நுட்பம் இடம் பெற்றுள்ளது. பின் வரும் அலகொன்றில் வேளாண்மையும் நீர்ப்பாசனமும், இறுதி அலகில் அறிவியல் தமிழும் கணினித் தமிழும் உள்ளன. நெசவாளரும் உழவரும் கணினியும் ஒரே நூலின் அட்டைகளுக்குள் அமர்ந்திருக்கக் காண்பது நம்மனோர்க்குப் பெருமையன்றோ!

விடுதியில் ஒரு கூட்டுறவு

நம் அங்கத்தினர் கேட்டு மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. தமிழகத்துக் கல்லூரி விடுதிகள் பலவற்றில் உணவுச் செலவு பகிர்வு முறையிற் கணக்கிடப்பெறுகின்றது. மாணாக்கர் இதனை டிவைடிங் சிஸ்டம் என்பர். மாத இறுதியில் அரிசி, பருப்பு, காய்கறி, எரிவாயு, சமையற்காரர் கூலி முதலிய மொத்தச் செலவை, அனைவரும் உணவுண்ட நாட்களின் கூட்டுத்தொகையால் வகுப்பர். மாதச் செலவு 6 லட்சம் ரூபாய், உணவுண்ட நாட்களின் கூட்டு 6,000 எனக் கொண்டால், நாளொன்றுக்கு 100 ரூபாய் ஆகும். 25 நாள் உண்டவர் 2,500 ரூபாய் செலுத்துவார்.

ஈட்டம் ஒருவர்க்கும் இல்லை. வீண் செலவின் சுமை அனைவர்க்கும் உண்டு. ஆகவே சந்தைக்குச் செல்லும் மாணாக்கர் குழு விலை விசாரித்து வாங்குகின்றது. சோறு வீணாகாமல் பார்த்துக்கொள்கின்றது. நாம் சங்கத்தில் செய்வதும் இதுவே. கூட்டுறவின் முதற்பாடத்தை நம் பிள்ளைகள் விடுதிச் சமையற்கட்டிலேயே கற்றுக்கொள்கின்றனர்.

எனினும், உணவுக் கட்டணம் மாதந்தோறும் செலுத்தப்பெற வேண்டியது. அது உதவித் தொகையின் வருகைக்காகக் காத்திராது.

உதவித் தொகைகள் எவை?

உயர்கல்விக்கெனப் பல திட்டங்கள் உள்ளன. நம் அங்கத்தினர் அறிந்திருக்க வேண்டியவற்றை மட்டும் சுருங்கக் கூறுவோம்.

குடும்பத்தில் எவரும் பட்டம் பெறாதிருக்க, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியே தொழிற்கல்வியிற் சேரும் முதற் பிள்ளைக்கு முதல் பட்டதாரிச் சலுகை உண்டு. இது கல்விக் கட்டணத்தைப் பற்றியதே. விடுதி, உணவு, தேர்வுக் கட்டணங்கள் இதில் அடங்கா. நம் மாணவி பெற்றிருப்பது இச்சலுகை.

அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்றோர்க்குப் பொறியியல், வேளாண்மை முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்களை முன்னுரிமையாக அளிக்கும் சட்டம் 2021ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. இவ்வொதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என அவ்வாண்டு அறிவிக்கப்பெற்றது.

அரசுப் பள்ளிகளிற் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்கட்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண்பிள்ளைகட்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பெற்றன.

தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்கட்கு, குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதாயின், ஆண்டுக்கு 50,000 ரூபாய் வழங்கும் பிரகதி உதவித் தொகை உண்டு. ஒரு குடும்பத்தில் இருவர் வரை பெறலாம். பன்னிரண்டாம் வகுப்பில் உயர் மதிப்பெண் பெற்றோர்க்கு ஒன்றிய அரசு முதல் மூன்றாண்டுகள் ஆண்டுக்கு 12,000 ரூபாயும், நான்காம் ஆண்டில் 20,000 ரூபாயும் அளிக்கும் திட்டமும் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்பட்ட வகுப்பினர் ஆகியோர்க்கு உரிய துறைகளின் வழி உதவித் தொகைகள் தனியே உள்ளன.

ஒன்றைப் பெறுவோர் மற்றொன்றைப் பெறலாகாது என்னும் விதி சில திட்டங்களில் உண்டு. விதிகளும் தொகைகளும் மாறக்கூடியனவாதலின், விண்ணப்பிக்கு முன் கல்லூரி அலுவலகத்தில் ஒருமுறை கேட்டறிதல் அவசியம்.

தொகையினும் பெரிது காலம்

நூல் எத்துணை உயர்ந்ததாயினும், தறி காலியாக நின்ற பின் வந்து சேர்ந்தால் நின்ற நாட்களின் கூலி திரும்பாது. பயிர் காய்ந்த பின் பெய்யும் மழை கிணற்றுக்கு உதவும், அப்பயிர்க்கு உதவாது. உதவித் தொகையின் நிலையும் அதுவே. மாணவியின் தொல்லை பெரும்பாலும் தொகையின் சிறுமையால் விளைவதன்று. அது வந்து சேரும் காலத்தால் விளைவது.

கல்லூரி திறக்கும் நாளிலேயே விடுதி முன்பணம், நூல்கள், ஆய்வுக்கூட உடை, பதிவேடுகள் ஆகியவற்றிற்குப் பணம் தேவை. உதவித் தொகைக்கு விண்ணப்பமோ சேர்ந்த பின்னரே இடப்பெறுகின்றது. அதனைக் கல்லூரி சரிபார்த்தல் வேண்டும். பின் உரிய துறை சரிபார்த்தல் வேண்டும். அதன் பின்னரே பணம் மாணவியின் வங்கிக் கணக்கில் நேரே செலுத்தப்பெறும். இடையில் மாதங்கள் பல கழிகின்றன.

இவ்விடைக்காலத்தை மேலும் நீட்டுவன சிறு தவறுகளே. மதிப்பெண் சான்றிதழில் பெயரின் முன் தந்தையின் தலையெழுத்து மட்டும் இருக்கும்; ஆதார் அட்டையில் தந்தையின் முழுப்பெயரும் பின்னால் நிற்கும். தமிழர் பெயர் முறையறியாத கணினி இரண்டையும் இருவேறு ஆட்களெனக் கொண்டு விண்ணப்பத்தைத் திருப்பிவிடும். பள்ளி நாட்களில் தொடங்கிய வங்கிக் கணக்கு நெடுநாள் வரவு செலவின்றிச் செயலற்றுக் கிடக்கும். கணக்கோடு ஆதார் எண் இணைக்கப்பெறாதிருக்கும். வருமானச் சான்றிதழின் ஓராண்டுக் காலம் முடிந்திருக்கும். இவற்றுள் எதுவும் திருத்த முடியாததன்று. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு மாதத்தை விழுங்கவல்லது.

அம்மாதங்களில் நிகழ்வது யாது? தந்தை கைமாற்று வாங்குகின்றார். அது கிடைக்காவிடில் தாயின் காதணி அடகிற்குச் செல்கின்றது. அதுவும் இல்லாவிடில் கந்து வட்டிக்காரரின் படி ஏறவேண்டியதாகின்றது. விடுதிப் பாக்கியைக் கேட்டு அலுவலகம் அழைக்கும்போது, நாணமுற்ற பிள்ளை வகுப்பிற்குச் செல்லக் கூசுகின்றது. ஒரு பாடம் தவறுகின்றது; அரியர் விழுகின்றது; ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய உதவித் தொகைக்கும் இடையூறு நேர்கின்றது. சில ஆயிரம் ரூபாய் சில மாதம் தாமதித்ததால் நான்காண்டுக் கல்வி ஆட்டங்காண்கின்றது. அறிவால் வென்ற இடத்தைக் காலத்தால் இழப்பதினும் கொடியது வேறுண்டோ?

சங்கம் செய்யத்தக்கது

உழவரைக் கடுவட்டியிலிருந்து மீட்கும் பொருட்டே 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இந்நாட்டில் இயற்றப்பெற்றது. நெசவாளரின் துணிக்குச் சந்தை தேடும் பொருட்டே 1935ஆம் ஆண்டில் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது. உரிய காலத்தில் உரிய சிறு உதவி என்பதே இவ்வியக்கத்தின் உயிர்நிலை. மாணாக்கர் விஷயத்திலும் அதனையே செய்யலாம். பெருநிதி வேண்டுவதில்லை.

முதலாவது, ஆண்டுதோறும் மே மாதத்தில் ஒரு நாளைச் சான்றிதழ் நாளென வைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் மதிப்பெண் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைச் சங்க எழுத்தர் வரிசையாக ஒப்புநோக்கிப் பெயர் வேறுபாடுகளை அன்றே குறித்துக்கொடுக்கலாம். இதற்குச் சங்கத்திற்குச் செலவு ஒன்றுமில்லை.

இரண்டாவது, துணைவிதிகள் இடந்தரும் அளவில், உதவித் தொகை வந்ததும் திருப்பிச் செலுத்தத்தக்க சிறிய இடைக்காலக் கடனை அங்கத்தினர்க்கு வழங்கலாம். நூலுக்கு முன்பணம் அளித்துத் துணியில் கழித்துக்கொள்ளும் சங்கத்திற்கு இம்முறை புதியதன்று. திருப்பிச் செலுத்தும் வழி தெளிவாயிருப்பதால் இதில் இடரும் குறைவு. ஆனால் கடன் இடைவெளியை நிரப்பும் அளவே இருத்தல் வேண்டும்; ஆடம்பரத்திற்கு இடந்தரலாகாது.

மூன்றாவது, சங்க அலுவலகத்தில் உள்ள கணினியை விடுமுறை நாட்களில் மாணாக்கர் பழகுவதற்கு அனுமதிக்கலாம். மாறாக, அவர்கள் இருப்புக் கணக்கு, உறுப்பினர் பதிவேடு ஆகியவற்றைச் சீர் செய்வதில் எழுத்தர்க்குத் துணை புரியலாம். நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒன்றிய அரசு 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. கணக்குகள் கணினிக்குள் செல்லும் காலத்தில், அக்கணக்கைப் படித்து அங்கத்தினர்க்கு எடுத்துச் சொல்ல நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் இருத்தல் சங்கத்தின் தன்னாட்சிக்கே காவலாகும்.

நான்காவது, மேல் வகுப்பில் பயிலும் மாணாக்கரைப் புதிதாகச் சேர்வோர்க்கு அறிமுகம் செய்துவைக்கலாம். பழைய நூல்கள் கைமாறும்; விண்ணப்பத்தில் நேரும் பிழைகள் குறையும்; அயலூரில் தமக்கொரு அக்காளோ அண்ணனோ உள்ளார் என்னும் துணிவும் பிறக்கும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். கணினி அறிவியல் பயின்ற ஒவ்வொருவர்க்கும் பெருஞ்சம்பளம் காத்திருக்கின்றது என எண்ணிக் கடன் சுமத்திக்கொள்ளுதல் தகாது. வேலைச் சந்தை ஏறும், இறங்கும். ஜவுளிச் சந்தையை அறிந்த நமக்கு இது புதிதன்று. பிள்ளைக்கு விருப்பமும் கணிதத்தில் பற்றும் உண்டாயின் அனுப்புக. அயலார் பிள்ளை சென்றது என்பதற்காக அனுப்பற்க.

விடுமுறைக்கு வீடு வரும் நம் மாணவி, தாயுடன் அமர்ந்து தார் சுற்றுகின்றாள். தந்தையின் தறியில் அட்டை சுழல்வதை இப்போது புதிய கண்ணோடு பார்க்கின்றாள். அவள் கல்விக்குப் பாவு அரசு ஓட்டிவிட்டது. ஊடைக்குரிய உழைப்பு அவளுடையது. நடுவில் இழை அறும்போது முடிச்சிட ஒரு கை வேண்டும். அக்கை நம் சங்கத்தின் கையாக இருக்கட்டும். வரும் பொதுப்பேரவைக் கூட்டத்தில் இக்கருத்துகளை அங்கத்தினர் எடுத்துப் பேசி, இயன்றதொன்றையேனும் தீர்மானமாக நிறைவேற்றுவார்களென நம்புகின்றோம்.